உறையவிடக் கூடாது

ஏப்ரல் 22, செவ்வாய்

பகவதி நேற்று புனேக்கு ரயிலேறினாள். மகள் உமையாளுக்கு மே முதல் வாரத்தில் பிரசவம். இரண்டு மாதம் இருந்துவிட்டு வருவாள். உரக்கடைக்காரர் கொடுத்த இந்த டைரியை என் கையில் திணித்து, "பால், கேஸ், தண்ணி வர்ற நாளு எல்லாம் இதுல எழுதி வைங்க. ஒங்க ஞாபகத்த நம்பி நான் போக முடியாது" என்றாள். அவளுக்காகத்தான் எழுதுகிறேன்.

ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாளும் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறாள். ஐந்து கட்டளைகள். நான்காவது: 'ஐஸ் பிடிச்சா பட்டன அமுக்கிட்டுக் காத்திருக்கணும். கத்தி, கரண்டி, ஸ்க்ரூடிரைவர் எதுவும் கூடாது.' ஐந்தாவது: 'ஜெபா மருந்து கதவுல ரெண்டாவது தட்டு. அதத் தொட வேண்டாம்.'

முப்பத்தொரு வருடம் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்தியவன் நான். உருகுதலின் உள்ளுறை வெப்பத்தைப் பாளையங்கோட்டையில் பாதிப் பேருக்குச் சொல்லிக்கொடுத்தவன். எனக்கு ஐஸைப் பற்றி எட்டாவது படித்தவள் சட்டம் எழுதி ஒட்டியிருக்கிறாள். கிழித்துப்போடலாம் என்று நினைத்தேன். அவள் கையெழுத்து அழகாக இருந்ததால் விட்டுவிட்டேன்.

ஜெபா என்பது ஜெபராணி. கீழ் வீட்டில் குடியிருக்கிறவள், பிளவுஸ் தைக்கிறவள். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட்டுக்கொள்கிறாள். அவர்களிடம் ஃப்ரிட்ஜ் இல்லாததால் மூன்று வருடமாக மருந்து எங்கள் வீட்டில்தான். காலை ஆறரைக்கும் மாலை ஏழுக்கும் மேலே வருவாள், ஊசியில் அளவாக இழுத்துக்கொண்டு போவாள். காலையில் இருபது, மாலையில் பன்னிரண்டு. கடிகாரம் தப்பினாலும் அவள் தப்பமாட்டாள்.

ஏப்ரல் 24, வியாழன்

பால் பாக்கெட் ஃப்ரீசர் ஐஸில் ஒட்டிக்கொண்டது. எடுத்தேன். எடுக்கும்போது 'புஸ்' என்று ஒரு சத்தம். ஐஸ் விரிசல் விட்டால் அப்படிச் சத்தம் வருவதுண்டு.

கேஸ் சிலிண்டர் மாற்றியாயிற்று.

ஏப்ரல் 25, வெள்ளி

மோர் ஜில்லென்று இல்லை. ஓய்வு பெற்ற அன்று லேப் உதவியாளர் நினைவாகக் கொடுத்த தெர்மாமீட்டரை எடுத்து உள்ளே வைத்தேன். மைனஸ் பத்திலிருந்து நூற்றுப்பத்து வரை காட்டும், நல்ல சரக்கு.

காலை 7 மணி: 16 டிகிரி. மாலை 6 மணி: 21 டிகிரி.

இனி தினமும் குறிக்கிறேன். அளக்காமல் பேசுகிறவனை எனக்குப் பிடிக்காது.

ஏப்ரல் 26, சனி

இன்று முழுக்க ஃப்ரிட்ஜோடுதான். முதலில் பிளக், ஸ்டெபிலைசர், இரண்டும் சரி. கதவு ரப்பரில் செய்தித்தாள் துண்டை வைத்து மூடி இழுத்துப் பார்த்தேன். நான்கு பக்கமும் கவ்விப் பிடிக்கிறது. சுவரிலிருந்து அரை முழம் நகர்த்தி, பின்னால் கம்பிவலையில் இருந்த ஒட்டடையைப் பழைய பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டினேன். பதினோரு வருடத்துத் தூசி, இரண்டு கரப்பான், உமையாள் பள்ளிக்கூட நாளில் தொலைத்ததாக அழுத ஒரு ஹேர் கிளிப் எல்லாம் கிடைத்தன. குளிர் திருகை மூன்றிலிருந்து ஏழுக்குத் திருப்பினேன். மோட்டார் நிற்காமல் ஓடுகிறது. ஓடுகிறதே தவிர குளிரவில்லை.

மாலை 6 மணி: 25 டிகிரி. இட்லி மாவு பொங்கி கீழ்த்தட்டு வரை வழிந்துவிட்டது.

கேஸ் கசிவுக்கு வாய்ப்பில்லை. கேஸ் கசிய ஓட்டை வேண்டும். ஓட்டை எப்படி வரும்? வோல்டேஜ் குறைவு என்றுதான் முடிவுக்கு வந்திருக்கிறேன்.

ஜெபா மாலையில் கதவைத் திறந்ததுமே கண்டுபிடித்துவிட்டாள். "என்ன சார்வாள், கூலிங்கே இல்லயே?"

"வோல்டேஜ் கம்மிம்மா. ரெண்டு நாள்ல சரியாயிரும்."

"பீர் முகமதுக்கு ஒரு போன் போடுங்களேன். கூப்பிட்ட ஒடனே வந்துருவாரு. ஒங்ககிட்டப் படிச்சவருதாமே?"

"பாக்கலாம்" என்றேன்.

பீர் முகமது என்னிடம் படித்தவன்தான். பிளஸ் டூவில் ஒருநாள் கேள்விக்குப் பதில் தெரியாமல் நின்றவனை, 'நீ ஸ்பேனர் பிடிக்கத்தான் லாயக்கு' என்று வகுப்பு முழுக்கச் சிரிக்கும்படி சொன்னேன். இன்று மேலப்பாளையத்தில் சொந்தக் கடை, கீழே நாலு ஆள். ஊரில் யார் வீட்டு ஃப்ரிட்ஜ் நின்றாலும் அவன்தான். அவனை அழைத்து என் வீட்டு ஃப்ரீசருக்குள் தலையை விடச் சொல்ல எனக்கு மனமில்லை. அந்தப் பழைய பேச்சு ஒரு காரணம். வேறு காரணமும் உண்டு.

ஏப்ரல் 27, ஞாயிறு

காலை 7 மணி: 27 டிகிரி.

பால் போகட்டும், மாவு போகட்டும். ஜெபாவின் மருந்தை இப்படி விட முடியாது. மூன்று பாட்டில் இருக்கிறது. ஒன்று நடப்பில் உள்ளது, இரண்டு உடைக்காதது. ஆஸ்பத்திரியில் மாதக்கணக்குக்குக் கொடுத்தவை. ஃப்ரிட்ஜ் கைவிட்டாலும் இயற்பியல் கைவிடாது.

மாலையில் ஜூஸ் கடையிலிருந்து ஐஸ் வாங்கி வந்து துணியில் சுற்றி உலக்கையால் உடைத்தேன். மூன்று பங்கு ஐஸ், ஒரு பங்கு கல் உப்பு. உறைகலவை! ஒவ்வொரு வருடமும் பத்தாம் வகுப்புக்குச் செய்து காட்டுவேன், பையன்கள் வாயைப் பிளப்பார்கள். தூக்குவாளியில் கொட்டித் தெர்மாமீட்டரை நுழைத்ததும் பாதரசம் சரசரவென்று இறங்கியது. மைனஸ் ஒன்பது! கைதட்டத்தான் ஆளில்லை. ஏழு மணிக்கு ஜெபா மருந்து இழுத்துக்கொண்டு போனபிறகு மூன்று பாட்டில்களையும் கலவைக்குள் புதைத்து, மூடி போட்டு, ஈரச் சாக்கால் சுற்றி வைத்தேன்.

போனில் பகவதியிடம் ஃப்ரிட்ஜ் பற்றிச் சொல்லவில்லை. அவளுக்கு அங்கே ஆயிரம் கவலை.

ஏப்ரல் 28, திங்கள்

ஆறு மணிக்குத் திறந்து பார்த்தால் பாட்டில்கள் மூன்றும் கல்லாக இருந்தன.

உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தேன். போதவில்லை. பனியனுக்குள் வயிற்றோடு வைத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்தேன். ஆறு இருபதுக்கு உருகிவிட்டது. துடைத்து, பழைய தட்டிலேயே வைத்தேன். ஆறரைக்கு ஜெபா வந்தாள். பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"என்ன சார்வாள், பால் திரிஞ்ச மாதிரி துண்டு துண்டாக் கெடக்கு?"

"கையில வச்சு நல்லா உருட்டும்மா. சரியாயிரும்."

உருட்டினாள். கொஞ்சம் கலந்த மாதிரி இருந்தது. "நீங்க சொன்னாச் சரிதான்" என்று இழுத்துக்கொண்டு போனாள்.

நீர் உறைந்து உருகினால் நீர்தான். இது எட்டாம் வகுப்புப் பாடம். மருந்துப் பெட்டியில் ஏதோ பொடி எழுத்தில் அச்சடித்திருக்கிறது. கண்ணாடியை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை.

ஏப்ரல் 30, புதன்

இப்போது உப்பில்லாத ஐஸ்தான். துண்டில் சுற்றிய பாட்டில்கள் நடுவில். காலையும் மாலையும் மாற்றுகிறேன். 11 டிகிரி, 13 டிகிரி. இதை முதலிலேயே செய்திருக்கலாம்.

தண்ணீர் வந்தது. தொட்டி நிரம்பியது.

மே 3, சனி

பேத்தி பிறந்திருக்கிறாள். மூன்று கிலோ. தாயும் சேயும் நலம். ஜெபாவிடம் சொன்னேன். கையெடுத்துக் கும்பிட்டு அங்கேயே கண்ணை மூடி ஜெபம் செய்தாள். பிறகு ஒரு செம்பு தண்ணீர் கேட்டு மடமடவென்று குடித்துவிட்டு, இன்னொரு செம்பும் கேட்டாள்.

"வெயிலு கொல்லுது சார்வாள்" என்றாள். வெயில்தான்.

மே 5, திங்கள்

கீழே ஒரே சத்தம். யாரோ ஒரு அம்மாள் கல்யாண பிளவுஸைக் கையில் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தாள். கை ஒன்று நீளம், ஒன்று குட்டை. ஜெபா அப்படித் தைக்கிறவளே இல்லை. "கண்ணு மங்கலாத் தெரியுதுக்கா, பிரிச்சுத் தச்சுத் தாரேன்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். நான் மாடியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

வயது நாற்பதைத் தாண்டினால் எல்லோருக்கும் வருகிற வெள்ளெழுத்துதான்.

மே 7, புதன்

இதை எழுதலாமா என்று யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

ஜெபா இன்று ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாள். சர்க்கரை முந்நூற்று அறுபதாம். டாக்டர் நன்றாகத் திட்டியிருக்கிறார். காலை அளவை இருபத்தாறாக ஏற்றி, ஒரு வாரத்தில் வரச் சொல்லியிருக்கிறார். கணவர் பால்துரை மினி பஸ் டிரைவர், வெடுக்கென்று பேசுகிறவர். மாடிப்படியில் என்னைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டார்.

"நீங்களே கேளுங்க சார்வாள்! வேளாவேளைக்கு ஊசி போடுதா. சுகர் ஏறுது. எப்படி ஏறும்? மெசினுக்கு அடியில அல்வாப் பொட்டணம் ஒளிச்சு வச்சித் திங்கா!"

"ஆண்டவர் சாட்சியா நான் ஒரு துண்டு வாயில வைக்கல" என்றாள் ஜெபா. அவளுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. என்னைப் பார்த்தாள். மூன்று வருடமாகத் தினம் இரண்டு வேளை என் கண் முன்னால் மருந்து இழுக்கிறவள். நான் ஒரு வார்த்தை அவள் பக்கம் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பாள்.

"நாக்கக் கட்டணும் ஜெபா" என்றேன். "மருந்து மட்டும் என்ன செய்யும்?"

அப்படித்தான் சொன்னேன். வார்த்தை மாறாமல் எழுதியிருக்கிறேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு இறங்கிப் போனாள்.

மே 8, வியாழன்

ஐஸ் மாற்றினேன். 12 டிகிரி.

மே 9, வெள்ளி

ஜெபா மூன்று வேளையும் கோதுமைக் கஞ்சிதான் குடிக்கிறாளாம். அதுவும் அரை டம்ளர். "என்னைய யாரும் ஒரு சொல் சொல்லப்படாது சார்வாள்" என்றாள். கன்னம் ஒட்டிவிட்டது. பாவாடை நாடாவை இறுக்கி இறுக்கிக் கட்டுவதாகச் சொல்லி அவளே சிரித்தாள்.

பீர் முகமதுவுக்குப் போன் செய்துவிட்டேன். நாளை வருகிறான்.

மே 10, சனி

பீர் முகமது வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, "சார்வாள் நல்லா இருக்கியளா?" என்று கேட்டபடி உள்ளே வந்தான். தாடி நரைத்திருக்கிறது. பழசை மறந்தவன் போலவே நடந்துகொண்டான். மறந்திருக்கமாட்டான்.

ஃப்ரீசருக்குள் டார்ச் அடித்து விரலால் தடவினான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"சார்வாள், கத்தி போட்டிருக்கு. இந்தா, ஓட்டை. கேஸு பூராம் போயிட்டு."

"பகவதிதான்…" என்றேன். "எத்தன தடவ சொல்லியிருக்கேன் தெரியுமா? பொம்பளைங்க கேட்டாத்தானே!"

பீர் முகமது ஃப்ரிட்ஜ் கதவைச் சாத்தினான். அந்தத் தாள் அவன் மூக்குக்கு நேரே இருந்தது. நிதானமாக ஐந்து கட்டளைகளையும் படித்தான். நான்காவதில் கொஞ்சம் கூடுதல் நேரம் நின்றான். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "ஓட்டைய அடைச்சாத் தாங்காது. ஃப்ரீசர் பொட்டியவே மாத்தி கேஸ் ஏத்திருதேன். சாயங்காலம் ரெடி" என்றான். அவன் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

ஆமாம், கத்திதான். ஏப்ரல் 24. நுனி மழுங்கிய காய்கறிக் கத்தி. பட்டனை அமுக்கிவிட்டு ஒரு மணி நேரம் காத்திருக்க எனக்குப் பொறுமையில்லை. காப்பி குடிக்க வேண்டியிருந்தது. பகவதி இந்தப் பக்கத்தைப் படிக்கும்போது என்ன நினைப்பாளோ. அடுத்த வீட்டுக்காரன் தன் குற்றத்தைப் பொண்டாட்டி தலையில் போட்டால் நான் காறித் துப்புவேன்.

மாலை 7 மணி: 4 டிகிரி.

மே 14, புதன்

ஜெபா மறுபடி ஆஸ்பத்திரி. முந்நூற்று நாற்பது. காலை அளவை முப்பத்துநாலாக ஏற்றிவிட்டார்கள். புது மாதத்து மருந்தும் கொடுத்திருக்கிறார்கள். மூன்று பெட்டி. பழைய பாட்டில் இன்று மாலையோடு தீர்ந்தது.

அவள் கீழே போனபிறகு புதுப் பெட்டி ஒன்றைத் திறந்து உள்ளே மடித்து வைத்திருந்த சீட்டை எடுத்தேன். எதற்காக எடுத்தேன் என்று கேட்டால், குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும். இங்கிலீஷில் தடித்த எழுத்தில் தனியாகக் கட்டம் கட்டிப் போட்டிருக்கிறான். உறையவிடக் கூடாது. உறைந்த மருந்தை உபயோகிக்கக் கூடாது. பெட்டிக்கு மேலேயும் அதே வாசகம் இருக்கிறது. ஏப்ரல் 28 அன்று நான் பார்த்த பொடி எழுத்து அதுதான். கண்ணாடியைக் காணோம் என்று எழுதியிருக்கிறேன். அன்றைக்குக் கண்ணாடி என் மூக்கில்தான் இருந்தது.

பதினேழு நாள் அவள் செத்த மருந்தைப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். செத்த மருந்துக்குச் சர்க்கரை இறங்காது. இறங்காததால் டாக்டர் அளவை ஏற்றினார். இருபது, இருபத்தாறு, முப்பத்துநாலு. நாளைக் காலையில் போடப்போவது உயிருள்ள மருந்து. அதற்கு இருபதே போதும். அதிலும் அவள் வயிற்றில் இருப்பது அரை டம்ளர் கஞ்சி.

இந்தக் கணக்கு எனக்குப் புரிகிறது. புரியாதவனாக இருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன்.

எட்டு மணிக்குக் கீழே இறங்கினேன். கதவு ஒருக்களித்திருந்தது. பால்துரையும் ஜெபாவும் பாயில் முழங்காலிட்டு ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். "மேல் வீட்டு சார்வாளையும் அக்காவையும் அந்தப் பிஞ்சுக் குழந்தையையும் ஆசீர்வதியும்" என்றாள் ஜெபா. நான் படியேறி வந்துவிட்டேன்.

காலையில் ஆறரைக்கு அவளே வருவாள். அப்போது சொல்லிக்கொள்ளலாம்.

மே 15, வியாழன்

சொல்லவில்லை.

மே 17, சனி

இரண்டு நாளாக எழுத உட்கார்ந்து எழுந்து போகிறேன். இன்று எழுதிவிடுகிறேன்.

வியாழக்கிழமை காலை ஆறரைக்கு வந்தாள். புதுப் பாட்டிலை உருட்டினாள். "இது பாருங்க சார்வாள், பால் மாதிரி எவ்வளவு சுத்தமா இருக்கு" என்று காட்டினாள். ஊசியை வெளிச்சத்தில் பிடித்து முப்பத்துநாலு வரை இழுத்தாள்.

"ஜெபா" என்றேன்.

"என்ன சார்வாள்?"

அவள் திரும்பி நின்றாள். 'நாக்கக் கட்டணும்' என்று நான் சொன்னபோது என்னைப் பார்த்த அதே முகம். இருபது போடு என்றால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்றால் ஐஸைச் சொல்ல வேண்டும். ஐஸைச் சொன்னால் கத்தியைச் சொல்ல வேண்டும். கத்தியைச் சொன்னால் அந்தப் படிக்கட்டுப் பேச்சு வரும்.

"ஒண்ணுமில்ல. நல்லாச் சாப்பிட்டுட்டுப் போடு" என்றேன்.

"சரி சார்வாள்" என்று போய்விட்டாள்.

அதன்பிறகு அடுப்படித் தரையில் உட்கார்ந்து கீழே தையல் மெஷின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். ஓடுகிறவரை அவள் நன்றாக இருக்கிறாள் என்று அர்த்தம். பால் பொங்கி வழிந்தது, எழுந்து அணைக்கவில்லை. ஒன்பது மணிக்கு ஓடியது. பத்து மணிக்கு ஓடியது. இடையில் ஒரு தடவை படி வரை போய்விட்டு, மெஷின் ஓடுகிறதே என்று திரும்பினேன். பதினொன்றே கால் இருக்கும், சத்தம் நின்றது. நூல் கோக்கிறாள் என்று நினைத்தேன். எண்ணத் தொடங்கினேன். நூறு வரை எண்ணிவிட்டுச் சர்க்கரை டப்பாவோடு ஓடினேன்.

மெஷின் மேலேயே சாய்ந்து கிடந்தாள். ஜாக்கெட் பிழிந்தால் வடியும் அளவுக்கு வேர்வை. கண் திறந்திருக்கிறது, ஆனால் என்னைத் தெரியவில்லை. "பட்டன் வைக்கணும், பட்டன் வைக்கணும்" என்று உளறுகிறாள். தண்ணீரில் சர்க்கரையைக் கரைத்து வாயோரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினேன். பாதி மேலே சிந்தியது. எதிர்வீட்டுக்காரர் ஆட்டோ பிடித்து வந்தார். போகிற வழியெல்லாம் அவள் தலை என் தோளில் ஆடிக்கொண்டே வந்தது. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றிய பிறகுதான் கண்ணைச் சிமிட்டி, "சார்வாள், நீங்க எதுக்கு வந்திய?" என்று கேட்டாள்.

பால்துரை யூனிஃபார்மோடு ஓடி வந்தார். டியூட்டி டாக்டர் சின்னப் பெண், உமையாள் வயதுதான் இருக்கும். "ஊசி போட்டுட்டு ஒழுங்காச் சாப்பிடலைன்னா இப்படித்தான் ஆகும். எத்தனை தடவை சொல்றது உங்களுக்கு?" என்று ஜெபாவை அதட்டினாள். ஜெபா படுத்தபடியே, "தப்புதான் டாக்டரம்மா" என்றாள்.

தப்புதானாம்! அவள் வாயிலிருந்து அது வந்ததும் எனக்குத் தாங்கவில்லை.

"அவ தப்பில்ல" என்றேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அதே ஆட்டோவில் வீட்டுக்கு வந்து இந்த டைரியை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனேன். டிகிரி எல்லாம் தேதி வாரியாக இருக்கிறதே. ஏப்ரல் 25 முதல் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக் காட்டினேன். மைனஸ் ஒன்பதில் டாக்டரின் விரல் நின்றது.

"உறைஞ்சுதா?"

"உறைஞ்சுது. உருக்கி வச்சேன்."

"உருக்கினா சரியாயிரும்னு நினைச்சீங்களா?"

"தண்ணிதானேன்னு…"

"அவிச்ச முட்டைய மறுபடி பச்சை முட்டையா ஆக்க முடியுமா சார்? இதுவும் புரதம்தான். ஒரு தடவை உறைஞ்சா அவ்வளவுதான்." பிறகு கேட்டாள். "நீங்க என்ன வேலை பார்த்தீங்க?"

"வாத்தியார். இயற்பியல்."

அவள் குனிந்து சீட்டில் முப்பத்துநாலை அடித்துவிட்டு இருபது என்று எழுதினாள். அந்த ஒரு கோடு போட எனக்கு ஓர் இரவும் ஒரு காலைப்பொழுதும் இருந்தன.

பால்துரை என் சட்டையைப் பிடிப்பார் என்று நின்றேன். பிடித்திருக்கலாம். அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்து, "அல்வா திங்கான்னு சொன்னேனே ராணி, அல்வா திங்கான்னு சொன்னேனே" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "சார்வாள், நீங்க வீட்டுக்குப் போங்க" என்றார்.

மே 19, திங்கள்

ஜெபா வீட்டுக்கு வந்துவிட்டாள். காலையில் கீழே போய் வாசலில் நின்றேன். உள்ளே வரச் சொன்னாள், ஸ்டூல் எடுத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை.

"மன்னிச்சிரும்மா" என்றேன். இந்த வார்த்தையை முப்பத்தொரு வருடத்தில் வகுப்பில் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. வீட்டிலும் சொன்னதாக நினைவில்லை.

கொஞ்ச நேரம் நூலைச் சுற்றிக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்.

"ஃப்ரிட்ஜு கெட்டது ஒங்க தப்பா சார்வாள்? கத்தி யாருதான் போடல. மருந்து ஒறஞ்சதும் தெரியாமச் செஞ்சது. நல்லதுக்குத்தானே செஞ்சிய. அதெல்லாம் நான் அப்பவே விட்டுட்டேன். ஆனா அன்னைக்குப் படியில வச்சு, அவுக முன்னாடி என்னையப் பாத்து நாக்கக் கட்டுன்னு சொன்னியளே. அப்ப ஒங்களுக்குத் தெரியும்லா?"

தெரியாது என்று சொல்ல வாய் வந்தது. சீட்டைப் படித்தது மே 14-இல்தானே, அதற்கு முன்னால் எனக்குத் தெரியாதுதானே. ஆனால் பாட்டிலைப் பனியனுக்குள் வைத்துக்கொண்டு அடுப்படியில் ஒளிந்து உட்கார்ந்தவனுக்கு ஒன்றுமே தெரியாது என்று யார் நம்புவது? நானே நம்பவில்லை.

"தெரியும்" என்றேன்.

"அதுதான் சார்வாள்" என்றாள். "எனக்கு அதுதான் ஆறல."

மே 20, செவ்வாய்

ஜெபா மேலே வந்து புதுப் பாட்டில்கள் மூன்றையும் எடுத்துக்கொண்டாள். "நர்சம்மா பானை வச்சுக்கிடலாம்னு சொன்னாவ" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. எனக்குக் கோபமாகச் சொல்லியிருக்கலாம் என்று இருந்தது.

தட்டு காலியாக இருக்கிறது. 4 டிகிரி.

மே 24, சனி

மாவு அரைக்க டப்பாவோடு கீழே இறங்கும்போது பார்த்தேன். அவள் வீட்டு ஜன்னலோரத்தில் பெரிய மண்பானை, அதற்குள் சின்னப் பானை, இடையில் ஈர மணல். மேலே நனைத்த துணி. காலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். மணலில் இருக்கிற நீர் ஆவியாகிறது, ஆவியாகும்போது உள்ளே இருக்கிற வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. வருடம் தவறாமல் பலகையில் படம் போட்டு விளக்கியிருக்கிறேன். நல்ல ஏற்பாடு, மருந்துக்குப் போதுமான குளிர்ச்சி. காற்று வருகிற பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்தால் மேலும் நன்றாகக் குளிரும்.

சொல்ல வாயெடுத்தேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். "மாவு அரைக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

ஜூன் 2, திங்கள்

ஜெபாவுக்குச் சர்க்கரை நூற்று அறுபதுக்கு இறங்கிவிட்டதாம். எனக்கு அவள் சொல்லவில்லை. பால்துரை எதிர்வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

பீர் முகமதுவுக்குப் போன் செய்தேன். "ஃப்ரிட்ஜு எப்படி இருக்கு சார்வாள்?" என்றான். நன்றாக இருக்கிறது என்றேன். "கத்தி போட்டது நான்தான்" என்றேன்.

"தெரியும் சார்வாள்" என்றான். பிறகு, "வேற ஒண்ணும் இல்லயே?" என்று கேட்டான். அந்த ஸ்பேனர் பேச்சையும் எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. ஒரு நாளைக்கு ஒன்றுதான் முடிகிறது.

ஜூன் 15, ஞாயிறு

பகவதி வந்துவிட்டாள். பேத்தியின் படங்களைப் போனில் வரிசையாகக் காட்டினாள். உமையாளின் மூக்கு, என் காது என்றாள். குளித்து, சாப்பிட்டு, வழக்கம்போல் அடுப்படியை ஒரு சுற்று சுற்றி வந்தாள். ஃப்ரிட்ஜைத் திறந்தாள். "பரவாயில்லையே, தொடச்சுப் பளபளன்னு வச்சிருக்கிய" என்றாள். புது ஃப்ரீசர் பெட்டியை இன்னும் அவள் பார்க்கவில்லை.

கதவின் இரண்டாவது தட்டில் கை வைத்தாள்.

"ஜெபா மருந்து எங்க?"

கீழ் வீட்டில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. சொல்ல ஆரம்பித்தால் வோல்டேஜிலிருந்து ஆரம்பித்துவிடுவேன் என்று பயம். இந்த டைரியை எடுத்து நீட்டினேன்.

"பால் கணக்கா? அப்புறம் பாக்கேன்."

"இல்ல. இப்பவே படி" என்றேன். வாங்கிக்கொண்டுபோய் நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு, "கண்ணாடியக் காணோமே" என்று எழுந்து, டைரியை மேஜை மேல் வைத்துவிட்டு, மாடத்தில், டிவி மேல், தலையணைக்கு அடியில் என்று தேடிக்கொண்டிருக்கிறாள். அந்த இடைவெளியில்தான் இந்தப் பக்கத்தை எழுதுகிறேன்.

அவள் கண்ணாடி ஃப்ரிட்ஜுக்கு மேலே இருக்கிறது. எடுத்துக் கொடுக்கப் போகிறேன்.